நாய்க்கு மருந்து வேணும், நமக்கு வாய்ச்சண்டை போதும்

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர மற்றதைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அன்றையிலிருந்து பட்டணத்தில் ரெண்டு கட்சி. ஒன்று 'கொல்லு' என்கிறது, இன்னொன்று 'தொடாதே' என்கிறது. டிவியில் நீங்கள் போடுகிற சத்தம் நாசரேத் வரைக்கும் கேட்கிறது. எங்க ஊர் நாயைப் பற்றி மட்டும் ரெண்டு கட்சியும் வாயே திறக்கக் காணோம்.

எங்க நாய் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். பகலில் கறிக்கடை வாசல், ராத்திரி வாழைத்தோட்டம், விடியக்காலம் பனங்காடு. ஒரு வீட்டில் கஞ்சி குடிக்கும், ஆனால் அந்த வீட்டுக்காரரையே கழுத்தைத் தொட விடாது. "யார் நாய்வே இது?" என்று கேட்டால் நாலு பேர் "நம்ம நாய்தான்" என்பார்கள். "ஊசி போடணும், பிடியும்" என்றால் நாலு பேரும் நழுவிவிடுவார்கள்.

இங்கேதான் சிக்கல். ஒரு பகுதியில் 100 நாய் இருந்தால் 70-க்காவது தடுப்பு மருந்து போய்ச் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்போதுதான் வெறிநோய் நாய்க்கு நாய் தாவுவது நிற்கும். காலடியில் வந்து படுக்கிற நாய்க்கு ஊசி போட்டுவிடலாம். மற்றதுக்கு? வலையோடு வண்டி வரும், ஒரு நாய் கத்தும், மீதி எல்லாம் உடங்காட்டுக்குள் போய்விடும். அடுத்த தடவை வண்டிச் சத்தம் கேட்டாலே ஓட்டம்தான். கொன்று தீர்க்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: காலியான இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வரும், ஊசி போடாத குட்டியும் பிறக்கும்.

பிடிக்காமலே மருந்து கொடுக்க வழி இருக்கிறது. 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைக்குள் மருந்தை வைத்து நரிகளுக்குப் போட்டார்கள். காட்டு நரியைப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? மேற்கு ஐரோப்பாவில் நரிகளிடம் இருந்த வெறிநோய் ஒழிந்தது இப்படி வாய்வழி மருந்து கொடுத்துத்தான். தாய்லாந்தில் தெருநாய்களுக்கே கொடுத்திருக்கிறார்கள்.

நம்ம நாட்டிலும் கோவாவில் மருந்தில்லாத வெறும் இரையை வைத்துச் சோதனை செய்தார்கள். வலைபோட்டுப் பிடிக்கிற குழுவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 நாய்தான் முடிந்தது. இரை கொடுத்த குழுவில் ஆளுக்கு 35. கோவா வெறிநோயை அடக்கியது ஊசியாலும் வலையாலும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை ஆளும் வண்டியும் ஒரு பேரூராட்சிக்கு எங்கிருந்து வரும்?

'விலை கூடுதல்' என்பார்கள். உண்மைதான், ஊசி மருந்தைவிட இது விலை கூடத்தான் செய்யும். அதனால் எல்லா நாய்க்கும் கேட்கவில்லை. கைக்கு வருகிறதுக்கு ஊசி, வராததுக்கு இரை. ஒரு கடிக்கு ஆஸ்பத்திரி மருந்து, நாலைந்து நாள் கூலி, பஸ் காசு எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.

'ஆபத்து இல்லையா?' என்பது நியாயமான கேள்வி. இரைக்குள் சின்ன பாக்கெட்டில் வலுக்குறைத்த உயிர்க்கிருமி இருக்கும். நாய் மெல்லும்போது பாக்கெட் கிழிந்து மருந்து வாய்க்குள் படவேண்டும். அப்படியே விழுங்கினால் வீண். ஆகவே வீசிவிட்டுப் போகிற வேலை இது இல்லை. போட்டுவிட்டு, தின்று முடிக்கும் வரை நின்று பார்த்து, மிச்சத்தையும் பாக்கெட்டையும் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாது. பழக்கிய ஆளும் குளிர்ப்பெட்டியும் இருந்தால் முடியாத காரியமா?

இந்த மருந்தால் குட்டி போடுவது குறையாது, ஆடு கடிபடுவதும் நிற்காது. அதுக்குக் கருத்தடையும், கறிக்கடைக் கழிவைத் தெருவில் கொட்டாமல் இருப்பதும் வேணும். ஆனால் கடிபட்ட பிள்ளை சாகாமல் இருக்க, கடித்த நாய்க்கு நோய் இல்லாமல் இருக்கவேண்டும். 2024-ல் தமிழ்நாட்டில் 4.8 லட்சம் பேருக்கு நாய்க்கடி, வெறிநோயில் 43 சாவு. நோய் முற்றி அறிகுறி தெரிந்தபிறகு எந்த டாக்டராலும் அநேகமாக ஒன்றும் செய்யமுடியாது. உலக அளவில் வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயசு நிரம்பாத பிள்ளைகள்.

2030-க்குள் நாயால் வரும் வெறிநோய்ச் சாவை ஒழிப்போம் என்று 2021-ல் மத்திய அரசு திட்டம் போட்டது. வருஷம் ஓடுகிறது. தென்மாவட்டத்தில் நாலு பேரூராட்சியை எடுத்து, கால்நடைத் துறை மேற்பார்வையில் வாய்வழி மருந்தைச் சோதித்துப் பாருங்கள். எந்த நாய் எங்கே படுக்கும், யார் கையால் போட்டால் தின்னும் என்று காட்டித்தர நாங்கள் இருக்கிறோம். ரெண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது. கேட்பீர்களா?

அதுவரைக்கும் கடிபட்டால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மந்திரம் ஒன்றும் வேண்டாம். சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள், சொன்ன தேதியில் மிச்ச ஊசியையும் போட்டு முடியுங்கள்.