24 மணி நேரமும் ஹட்டன் பஸ்ஸும்

நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு 2024 ஜனவரி 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் 108 பேர் ஆதரவாகவும் 62 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பெப்ரவரி முதலாம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார். பெண்களையும் பிள்ளைகளையும் காக்கத்தான் இத்தனை அவசரம் என்றது அரசாங்கத் தரப்பு. சட்டத்தைப் புரட்டினால், தேசிய பாதுகாப்புக்குக் குந்தகமான பொய்க் கூற்று 12ஆம் பிரிவிலேயே வந்துவிடுகிறது. ஒருவரின் அந்தரங்கத்தைப் பரப்பி அலைக்கழிப்பது 20ஆம் பிரிவில். ஆள்பவர்களுக்கு எதில் பயம் என்று வரிசையே சொல்கிறது.

போகட்டும், அந்த 20ஆம் பிரிவாவது தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்கிறதா? பழகிய பையன் கோபத்தில் ஒரு பெண்பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான் என்று வையுங்கள். வீட்டில் முதல் வேலை, பிள்ளையின் போனைப் பறிப்பது. படத்தை அழி என்பார்கள். சாட்சியும் சேர்ந்தே அழியும். அடுத்து தோட்டத் தலைவரைக் கூப்பிட்டுப் பேசித் தீர்ப்பது. கோயில் முன்னால் அவன் மன்னிப்புக் கேட்கும்போது படம் அடுத்த டிவிஷனைத் தாண்டியிருக்கும்.

முறைப்பாடு செய்யத் துணிந்து ஹட்டனுக்கு பஸ் ஏறினால், கூட வரும் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால், அம்மாவிடமே சொல்லக் கூசியதை மொழிபெயர்க்க வந்த ஆணிடம் சொல்லி, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசிக்காமலே கையொப்பமிட வேண்டும். இத்தனைக்கும் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது.

அவுஸ்திரேலியா 2015இல் இணையப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆணையாளரை நியமித்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் உத்தரவிட்டால் 24 மணி நேரத்தில் படத்தை நீக்கவேண்டும். எங்கள் சட்டத்திலும் அதே 24 மணி நேரம் உண்டு. ஆனால் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு அறிவித்தல் அனுப்பிய பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். அதற்கு முன்னால் அவள் கடக்கவேண்டிய தூரத்தை யாரும் மணிக்கணக்கில் அளந்ததில்லை.

இன்னொன்று. பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபிஸ் வழியாகத்தான் வரும். பொலிசிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால், அவள் பிரிக்கும் முன்பே, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பேச்சாகிவிடும்.

லயத்து வாசல்வரை வருபவர் குடும்பநல மருத்துவமாது. மற்றவர்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லிப் பெண்களுக்குப் பழக்கம். முறைப்பாட்டை அவர் தமிழில் எழுதி ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்ய இன்னொரு வாக்கெடுப்பு வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும் என்றே நினைக்கிறேன்.