தீவுக்குச் செல்லுமுன்

ஞான ஒடுக்கத்திற்காக மத்தியதரைக் கடலிலுள்ள மால்தாத் தீவுக்குக் குழுவாகச் செல்ல விழைவோர் முதலில் அப்போஸ்தலர் பணி நூலின் 27-ஆம் அதிகாரத்தை வாசிப்பது நலம். புனித சின்னப்பர் கைதியாகச் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தனர். புயலில் சரக்கையும் பின்னர்க் கோதுமையையும் கடலில் எறிந்தே அவர்கள் கரை சேர்ந்தனர். நாமோ புறப்படுமுன்னரே சுமையைக் குறைக்கலாம்.

மால்தா செல்ல ஷெங்கன் விசா வேண்டும். அதற்குப் பயணத்திற்கு 6 மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். 15 நாளேனும் முன்னதாகச் செய்தல் கட்டாயம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. முதியோரின் மருந்துகள், மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே இருக்கட்டும். ஆலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மறைக்கும் உடை வேண்டும். குளிர்காலமே அங்கு மழைக்காலம். கம்பளி ஆடையை மறவாதீர். கோசோ தீவிலுள்ள தா பீனு திருத்தலத்திற்குச் செல்ல, கப்பலில் ஏறத்தாழ 25 நிமிடம் கடலைக் கடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அது நின்றுவிடும். ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் அடங்காத சுமையும் உண்டு: ஓயாத பேச்சு, கைபேசி, ஊர் சுற்றும் ஆசை. மௌன நேரம் எது, வீட்டாரோடு பேசும் வேளை எது, முதியோருக்குத் துணை யார் என்பவற்றை இங்கேயே கூடி முடிவு செய்யுங்கள். சுற்றிப் பார்ப்பதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

அன்று மாலுமிகள் மட்டும் படகிறக்கித் தப்ப முயன்றபோது, சின்னப்பர் அதைத் தடுத்தார். கப்பல் உடைந்தது; ஆயினும் ஒருவரும் மாளவில்லை. குழுவாகப் புறப்படும் நாம் குழுவாகவே கரை சேர்வோமாக.