டப்பட் கவரை ஆர் கழற்றலாம்?

மொறிஸ் மைனர் 1000இன்ர டப்பட் கவரைக் கழற்ற ரெண்டே ரெண்டு நட்தான். என்ஜினுக்கு மேல மூடி மாதிரி இருக்கிற அந்தத் தகரத்துக்கு ஒரு ஸ்பானர் காணும். ஆனா அந்த ரெண்டு நட்டிலயும் ஆர் கை வைக்கலாம் எண்டு கேட்டால், எங்கட ஊரில பதில் உடன வரும்: கராஜ்காரர். கம்பஸில, அதுவும் கலைப்பீடத்தில படிக்கிற ஆக்களுக்கு உது தேவையில்லை. பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தேவையே இல்லை. இந்தப் பதிலோடதான் எங்களுக்குப் பிரச்சினை.

எங்களில ஒருத்தியின்ர அப்பப்பாவின்ர கார் கனகாலமா போர்ட்டிகோவில நிக்குது. போன மாதம் நாலு பேர் சேர்ந்து அதின்ர கவரைக் கழற்றித் துப்புரவாக்கினோம். பெருமைப்பட ஒண்டுமில்லை, அவ்வளவு லேசான வேலை. என்ஜின் நல்லா ஆறியிருக்க வேணும். கழற்ற முதல் சுற்றிவரக் கிடக்கிற மண்ணையும் பிசுக்கையும் பிரஷ்ஷால எடுக்காட்டி, திறந்த உடன எல்லாம் உள்ளுக்குப் போய் விழும். கோர்க் கஸ்கெற் ஒட்டிப் பிடிச்சிருந்தால் மரக்கட்டையால பக்கத்தில மெல்லத் தட்டலாம். ஸ்குறூ ட்ரைவரை விட்டு நெம்பக் கூடாது. தகரத்தின்ர விளிம்பு நெளிஞ்சால் பிறகு புதுக் கஸ்கெற் போட்டும் ஒயில் கசியும். பூட்டேக்கையும் அப்பிடித்தான். கூட இறுக்கினால் கசியாது எண்டு நினைக்கிறது பிழை, கோர்க் நசிஞ்சு வெடிச்சு இன்னும் கசியும். மற்றதெல்லாம் மண்ணெண்ணெயும் ஒரு பழைய ரூத்பிரஷும் பார்த்துக்கொள்ளும்.

சுவாரசியம் கவருக்குக் கீழதான் இருக்கு. தார் மாதிரிக் கறுப்புப் படிஞ்சிருந்தால் ஒயில் நேரத்துக்கு மாத்தப்படேல்ல. பால்தேத்தண்ணி நிறத்தில கிறீம் மாதிரி இருந்தால் தண்ணி கலந்திருக்கு. கிட்டத் தூரங்களுக்கு மட்டும் ஓடின காரிலயும் அது வரும், ஆனா ரேடியேற்றரில தண்ணியும் குறைஞ்சுகொண்டு வந்தால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகிக்க வேணும். வாசிப்பு, வாசிப்பு எண்டு விரிவுரை மண்டபத்தில கேட்டுக்கொண்டே இருக்கிறம். இதுவும் வாசிப்புத்தானே? எட்டு வால்வையும் முன்னிருந்து எண்ணினால், எட்டாவது முழுசாத் திறந்திருக்கேக்க ஒண்டாவதின்ர இடைவெளியைப் பார்க்கலாம். ஏழாவது திறந்திருக்கேக்க ரெண்டாவது. கூட்டினால் எப்பவும் 9. இடைவெளி, ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சால் அதில 12 பங்கு. கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸுக்கு வந்த எங்களுக்கே இது பிடிச்சுது.

சொல்லித் தந்தது அப்பப்பா. அவர் மெக்கானிக் இல்லை, இளைப்பாறின தமிழ் வாத்தியார். 1990களில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில ஓடின. கார்பரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுறது. எரியாத மண்ணெண்ணெய் கீழ வடிஞ்சு என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும், கரியும் பிடிக்கும். அதால அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருந்தது எண்டார். 2022இல நாங்கள் எரிபொருள் வரிசையில நிண்டபோதும் பெரியாக்கள் இந்தக் கதைகளைத்தான் சொன்னவை. கேட்டுச் சிரிச்சுப்போட்டு வந்தம்.

எங்கட கவலை இதுதான். அந்தக் காலத்து இழப்புகளைப் பற்றி நிறைய எழுதுறம், எழுதத்தான் வேணும். ஆனா அதே ஆக்கள் என்னத்தை எப்பிடிச் செய்து சமாளிச்சவை எண்டதை ஒருத்தரும் நோட்டுப் புத்தகத்தோட போய்க் கேட்கிறதாத் தெரியேல்ல. "கையில ஒயில் பூசத்தானோ உங்களைப் படிக்க அனுப்பினது?" எண்டு வீட்டில கேட்கிறது நகைச்சுவை மாதிரித்தான் இருக்கும். எந்தக் கை எந்த வேலையைச் செய்ய வேணும் எண்டு பிறப்பை வைச்சுப் பிரிச்ச பழைய கணக்கு அந்தக் கேள்விக்குள்ள இருக்கு. ஸ்பானர் பிடிக்கிறதைப் படிப்பில்லாதவையின்ர விதி எண்டு ஆக்கினதாலதான், கராஜில நிக்கிற எங்கட வயசுப் பெடியனை "டேய் தம்பி" எண்டு கூப்பிட்டு, அவன்ர கூலியில பேரம் பேசவும் எங்களுக்குக் கூச்சம் வாறதில்லை. ஒருநாள் அந்த வேலையைச் செய்து பார்த்தால் அவன் கேட்கிற காசு கூட இல்லை எண்டு விளங்கும்.

வீட்டில செய்யிறதுக்கு எதிரா ஒரு நியாயமான கேள்வி இருக்கு: கழுவின மண்ணெண்ணெயை எங்க ஊத்துறது? எங்கட நிலத்தடி சுண்ணாம்புக்கல்லு, ஊத்தினது கிணத்துக்குப் போக வழி இருக்கு. சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு இதைத் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. கராஜுகள் என்ன செய்யுதுகள் எண்டதும் கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் கழுவினது ரெண்டு போத்தல், மூடி இறுக்கி அப்பப்பாவின்ர கொட்டிலுக்குள்ள கிடக்கு. எங்க குடுக்கலாம் எண்டு மூண்டு இடத்தில விசாரிச்சம், மூண்டு பேரும் "சும்மா வேலியோரமா ஊத்துங்கோ" எண்டவை. ஊத்தேல்ல. ஒழுங்கா எடுக்கிற ஆக்களைத் தெரிஞ்சால் எங்களுக்கும் சொல்லுங்கோ.