‘வோக்’ என்னும் சொல்

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கென ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு பந்தியை அண்மையில் என் மாணவர்க்குக் கொடுத்திருந்தேன். அமெரிக்க அரசியல் பற்றியது. அதிலே ஒரு சாரார் மற்றொரு சாராரை ‘வோக்’ என்னும் சொல்லால் இழித்துரைத்திருந்தனர். மாணவன் ஒருவன் அதனை ‘விழித்திருப்போர்’ எனத் தமிழாக்கியிருந்தான். ‘வோக்’ என்பது ‘விழித்தான்’ எனப் பொருள்படும் இறந்தகால வினை. பெயருக்கு அடையாக நிற்க அதற்கு உரிமையில்லை. அன்றியும், வைகின்ற இடத்தில் விழிப்பு என்னும் நற்பொருள் எங்ஙனம் பொருந்தும்? இவ்வாறு எண்ணிச் சிவப்பு மையாற் கோடிட்டு ஒரு புள்ளியைக் குறைத்துவிட்டேன். “அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், ஐயா?” என்று அவன் கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை. சில நாட்கள் தேடிப் பார்த்தபின் எழுதுகின்றேன்.

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து அவற்றுள் ஒன்றைக் குழூஉக்குறி என்பர். ஒரு கூட்டத்தார் தம்முள் மாத்திரம் விளங்கும்படி இட்டு வழங்கும் பெயர் அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நாம் வகுப்பிலே வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள். பொற்கொல்லர் அவ்வாறு மறைத்தது வாணிகம் கருதி. ‘வோக்’ என்பதும் பிறப்பாற் குழூஉக்குறியே. ஆயின் அது காக்க முயன்றது பொன்னையன்று, உயிரை.

1931 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆந் தேதி, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தினூடாகச் சென்ற சரக்குப் புகைவண்டியொன்றை வழியிலே மறித்து, அதிற் சென்ற கறுப்பின இளைஞர் ஒன்பது பேரைப் பிடித்தனர். அதே வண்டியில் வந்த வெள்ளைப் பெண்கள் இருவரைக் கெடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. பிடிபட்டவருள் சிலர் வெறுஞ் சிறுவர். ஸ்கொட்ஸ்பரோ என்னும் ஊரில் விசாரணை ஏப்பிரலில் நடந்தது. சில நாட்களுள் எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்குத் தக்க சட்டத்துணை கிடைக்கவில்லை என்ற காரணத்தால் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1932 இல் அத்தீர்ப்புக்களைத் தள்ளிற்று. 1933 இல் அப்பெண்களுள் ஒருத்தி, தான் முன்பு சொன்னது பொய் என்று நீதிமன்றிலேயே கூறினாள். அதன் பின்னரும் யூரிமார் ‘குற்றவாளி’ என்றே தீர்ப்பளித்தனர். தூக்குமேடைக்கோ மின்னாற்காலிக்கோ எவரும் செல்லவில்லை; எனினும் இளமை முழுதும் சிறையிற் கழிந்தது. அலபாமா மாநிலம் எஞ்சியிருந்த மூவர்க்கு மன்னிப்பு வழங்கியது 2013 இல். எண்பத்திரண்டு ஆண்டுகளின் பின். அப்பொழுது அவர்களுள் ஒருவரும் உயிரோடில்லை.

இந்த வழக்கைப் பற்றி ஹடி லெட்பெற்றர் என்னும் பாடகர் ஒரு பாட்டுக் கட்டினார். லெட்பெலி என்னும் பெயரால் உலகறிந்தவர்; பன்னிரண்டு நரம்புக் கிற்றாரோடு பாடியவர். 1938 ஆம் ஆண்டு ஒலிப்பதிவிலே, பாட்டு முடிந்தபின் வெறும் பேச்சாகச் சில சொல்லுகின்றார். அலபாமா வழியாகப் போகின்ற தம்மினத்தார் அவதானமாயிருத்தல் வேண்டும், கண்ணை மூடிவிடாது விழித்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. விழித்திருத்தலை அவர் சொன்ன சொல் ‘வோக்’. இச்சொல் இப்பொருளிற் பதிவாகிய மிகப் பழைய இடங்களுள் இஃதொன்று.

இனி, நான் பிழையென்று கோடிட்ட இலக்கணத்துக்கு வருவோம். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் விழித்திருக்கும் நிலைக்கு ‘அவேக்’ என்பதே சொல். கறுப்பின மக்களின் வழக்கிலோ இறந்தகால வடிவமாகிய ‘வோக்’ அடையாகவும் நிற்கும். இது அறியாமையன்று, அவ்வழக்குக்குத் தனி ஒழுங்குண்டு. வினைமுற்றொன்று தன் தொழிலை விட்டு எச்சப் பொருளில் வருதலை முற்றெச்சம் என்று இலக்கணத்திலே படிக்கும் நமக்கு, ஒரு வடிவம் மற்றொன்றின் இடத்தில் அமர்வதிலே வியப்பு எதற்கு? இதை மறந்தது என் குற்றம்.

1962 ஆம் ஆண்டு மே மாதத்தில் வில்லியம் மெல்வின் கெலி என்னும் இளம் எழுத்தாளர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இச்சொல் அக்கட்டுரையின் தலைப்பிலேயே நின்றது. உடன் வந்த சொற்பட்டியல், நாட்டு நடப்பை நன்கறிந்தவர் என்று இதற்குப் பொருள் கூறிற்று. அக்கட்டுரை சொல்லும் செய்தியே எனக்கு முக்கியமாய்ப் பட்டது. கறுப்பின மக்களின் சொல்லொன்றை வெள்ளையர் எடுத்துப் பேசத் தொடங்கினால், அதற்குரியவர் அதனைக் கைவிட்டு வேறொன்றை நாடுவர், அல்லது பொருளைப் புரட்டிவிடுவர் என்கிறார் கெலி. குழூஉக்குறி வெளியே கசிந்தால் அதன் காவல் தீர்ந்தது. இதைச் சொல்வதற்கென எடுத்த கட்டுரையின் முகப்பிலே நின்ற சொல்லுக்கே பின்னர் அந்தக் கதி வந்தது.

நெடுங்காலம் அது தன்னினத்தாரிடையே அடங்கிக் கிடந்தது. 2008 இல் எரிக்கா படு என்னும் பாடகியின் இசைத்தட்டொன்றால் மீண்டும் பலர் காதில் விழுந்தது. 2014 ஓகஸ்ற் 9 ஆந் தேதி மிசூரி மாநிலத்துப் பேர்கசன் நகரில் மைக்கல் பிறவுண் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் பொலிசாரின் வெடிக்கு இரையானான். அதனையடுத்து எழுந்த கிளர்ச்சியில் இச்சொல் மறுபடியும் எச்சரிக்கையாய் ஒலித்தது. அலபாமாவுக்கு லெட்பெலி சொன்ன பொருள் ஏறக்குறைய மாறாமலே வந்தது. 2017 இல் ஒக்ஸ்போட் பேரகராதி இப்பொருளை ஏற்றுக்கொண்டது.

அகராதியேறிய சொல்லுக்கு ஆபத்து இரண்டு திசையிலிருந்து வந்தது. முதலாவது புகழ்ந்தோரால். பொலிசார் மறிக்கும் தெருவில் ஒருநாளும் நடந்திராத பேர்வழிகள், தாம் நீதியறிந்தவர் என்று காட்ட இதனைப் பதக்கம்போல் மார்பிற் குத்திக்கொண்டனர். அச்சத்திற் பிறந்த சொல் அலங்காரமாயிற்று. இரண்டாவது இகழ்ந்தோரால். அந்தப் பகட்டைக் கண்டு நகைத்தவர், நகைப்போடு நில்லாது, தமக்கொவ்வாத எதையும் இச்சொல்லாற் சுட்டினர். பாடநூலும் திரைப்படமும் வங்கியும் படையும் எல்லாம் ‘வோக்’. புளோரிடா மாநிலத்தில் 2022 இல், கல்விக்கூடங்களிலும் தொழிலகங்களிலும் இனம் பற்றிப் போதிப்பதற்கு எல்லை வகுத்துச் சட்டமொன்று வந்தது. நம் பிள்ளைகளுக்கும் ஊழியர்க்கும் இழைக்கும் தீங்குகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்து ‘வோக்’ என வரும்படி அதற்கொரு விளம்பரப் பெயரையும் அமைத்தார்கள். நம் சித்திரகவிப் புலவர் தோற்றார்! தொழிலகம் பற்றிய பகுதிக்கு நீதிமன்றம் இட்ட தடையை 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

‘நாற்றம்’ நறுமணமாயிருந்து தீமணமாய்ப் போனதைக் காட்டி, இதுவும் அதுபோன்றதே எனச் சிலர் அமைதி கூறலாம். நான் உடன்படேன். நாற்றத்தை எவரும் திட்டமிட்டுக் கெடுக்கவில்லை. பல நூற்றாண்டுகளின் வழக்கு அதனைத் தேய்த்தது. இதுவோ பத்தாண்டுக்குள் முடிந்த காரியம். அதிலே பலருடைய முயற்சி இருக்கின்றது. நட்டம் யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை சொல்வதற்கென ஒரு சமூகம் வைத்திருந்த சொல், இன்று வாயெடுத்ததும் நகைப்பையே எழுப்புகின்றது. ஆபத்து மட்டும் போய்விட்டதா?

நம் பத்திரிகைகளின் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது? லெட்பெலி சொன்ன இடத்திலும் பேர்கசன் மக்கள் சொன்ன இடத்திலும் ‘விழிப்பாயிருத்தல்’ என்றே எழுதுக. அங்கே அதுவே சரியான தமிழ். வசையாக வரும் இடத்தில் ‘வோக்’ என ஒலிபெயர்த்து, சொல்லுவார் யார் என்பதையும் கூடவே எழுதிவிடுக. ‘போலி முற்போக்கு’ என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருளுரைத்தலன்று, வைதவர் கட்சியிற் சேர்தல். ‘விழிப்பு’ என்னும் நம் சொல்லைக் கொண்டுபோய் அந்த வசையில் தோய்க்கவும் எனக்கு மனமில்லை.

மாணவனின் கொப்பியை மீண்டும் வாங்கினேன். அவன் எழுதியது அந்தப் பந்திக்குப் பொருந்தாது. சொல்லின் வேருக்குப் பொருந்தும். குறைத்த புள்ளியிற் பாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றேன். மற்றப் பாதிக்கு அவன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றான்.