மருந்துச் சீட்டுடன் இருக்கவேண்டிய தாள்கள்

சில மாதங்களுக்கு முன் முதியவர் ஒருவர் மூச்சுத்திணறலுடன் எங்கள் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். அவர் வீட்டில் ஆக்ஸிஜன் செறிவூட்டி உண்டு. நாங்கள் கூறிய நேர அளவு தவறாமல் அதைப் பயன்படுத்தியும் வந்தார். விசாரித்தபோது, கருவியில் நான்கு நாள்களாக மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. “கரண்ட் வருகிறது என்பதற்கான அடையாளம் என்று நினைத்தோம், டாக்டர்” என்றார் மகள். ஆனால், கருவி தரும் ஆக்ஸிஜனின் செறிவு குறைந்துவிட்டது என்பதே அவ்விளக்கின் பொருள். அதனை விளக்கும் கையேடு, உறை பிரிக்கப்படாமல், பரணில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. ரசீதும் உத்தரவாத அட்டையும் அதற்குள்ளேயே இருந்தன.

அந்த மகளைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. “கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்று எழுதித்தரும் மருத்துவர்களாகிய நாங்கள், அடுத்த முறை அக்கருவியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. மாத்திரையின் அளவைக் கேட்கிறோம். மூச்சைத் தரும் இயந்திரத்தின் நலத்தைக் கேட்பதில்லை. இது எங்கள் குறையே.

மிக்ஸியின் கையேடு தொலைந்தால் பெரும் இழப்பில்லை. நெபுலைசர், இரத்த அழுத்தமானி, குளுக்கோமீட்டர், ஆக்ஸிஜன் செறிவூட்டி ஆகியவை அவ்வாறல்ல. அவை சிகிச்சையின் உறுப்புகள். ஆகவே அவற்றின் தாள்கள் டிவி, ஃபிரிட்ஜ் தாள்களோடு அல்லாமல், நோயாளியின் மருத்துவக் கோப்பிலேயே இருக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

“பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருப்பதை யார் படிப்பது?” என்று பலர் கேட்கின்றனர். முழுவதும் படிக்கவேண்டியதில்லை. விளக்குகளும் ஒலிகளும் எதைக் குறிக்கின்றன, திரையில் தோன்றும் எழுத்துகளின் பொருள் என்ன, எதை எப்போது தூய்மை செய்வது ஆகிய மூன்று பகுதிகள் போதும். குளுக்கோமீட்டரில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து தோன்றினால் அது பழுதாகத்தான் இருக்கும் என்று கொள்ளவேண்டாம்; கருவியால் அளக்க இயலாத அளவுக்குச் சர்க்கரை ஏறியோ இறங்கியோ இருக்கலாம். இவற்றை வீட்டில் படித்தவர் ஒருவர் தமிழில் எழுதிக் கருவியின்மேல் ஒட்டிவிட்டால், இரவில் துணையிருப்பவர் தடுமாறமாட்டார்.

ரசீதின் நகலையும் உடனே எடுத்துவிடவேண்டும். கடைகள் தரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சிடப்படுபவை. சில மாதங்களிலேயே எழுத்து மங்கக்கூடும். பாதுகாக்க எண்ணி லேமினேஷன் செய்தால் தாள் முழுவதும் கருத்துவிடும். செல்பேசியில் ஒரு படமும், ஒரு சாதாரண நகலும் போதுமானவை. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் வாங்கிய தேதியும் உள்ளனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நலம்.

சீரியல் நம்பர் எனப்படும் வரிசை எண்ணையும் குறித்துவைக்கவேண்டும். 2021 ஜூனில், உறக்கத்தில் மூச்சு தடைபடுவோர் பயன்படுத்தும் சில கருவிகளை ஒரு பன்னாட்டு நிறுவனம் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் மூச்சுக்குழாயில் சேரக்கூடும் என்பதே காரணம். தம் கருவியைப் பதிவுசெய்ய நோயாளிகளுக்கு அந்த எண்ணே தேவைப்பட்டது.

பழுதுநீக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யவும் வழியுண்டு. அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதே. வாடகைக் கருவியாயின் முன்பணச் சீட்டையும் சேர்த்து வைத்திருங்கள்.

அந்த முதியவர் உடல் தேறி வீடு திரும்பினார். உத்தரவாதக் காலம் முடிய இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன; கருவி கட்டணமின்றிச் சீர்செய்யப்பட்டது. இப்போது அந்த மகள் கொண்டுவரும் கோப்பில், மருந்துச் சீட்டுக்குப் பின்னால் கருவியின் தாள்களும் இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது நீங்களும் அவ்வாறே கொண்டுவாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் எடுத்துக் காட்டுங்கள்.