கையொப்பமிட்ட பெரியவர்கள்

ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) வெறும் இரத்தக்காட்டேரிக் கதை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. ஒஸ்திரியாவின் ஸ்டீரியாவில் ஒரு காட்டுமாளிகை. அங்கு குடியேறிய ஆங்கிலேயத் தகப்பன், சொந்தமொழி அழிந்துவிடுமென்று வீட்டில் ஆங்கிலம் பேசுகிறான். நாம் இங்கே தமிழ் பேசுவதுபோலத்தான். அவன் மகள் லோராவை நேசித்து வந்தவள் கார்மில்லா. லோராவுக்கோ அவள்மேல் ஈர்ப்பும் அருவருப்பும். ஊர்ப்பெண்கள் சாகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிறகு நடந்ததென்ன? பெரிய மனிதர்கள் கூடிக் கல்லறையைத் திறந்து, ஆப்பறைந்து, தலைவெட்டி, எரித்து, சாம்பலை ஆற்றிலெறிந்து, அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். அந்த அறிக்கையைப் பார்த்தே லோரா முடிவை எழுதுகிறாள். வெகுகாலம் சென்றும் கதவருகே கார்மில்லாவின் மெல்லிய காலடி அவளுக்குக் கேட்கிறது. அது அறிக்கையில் இல்லை.

பெண்ணை நேசிக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு 'வெள்ளைக்காரர் வியாதி' என்று தீர்ப்பெழுதி, மாமா, சித்தப்பா, நாம் எல்லோரும் ஒப்பமிட்டுவிடுகிறோம். அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.