நான்காம் நாள் இருமல்

மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் அதுல் கோயல் 2024 ஜனவரி 1 தேதியிட்டு எழுதிய கடிதம் பொங்கல் கழிவதற்குள் மருத்துவர்கள் நம் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் வந்து விழுந்துவிட்டது. ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக என்று சீட்டிலேயே துல்லியமாகக் குறிப்பிட வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. வரவேற்கிறோம், தயக்கமே இல்லை. ‘அக்யூட் பிராங்கைட்டிஸ்’ என்று தன் கையால் எழுதி, அதற்குக் கீழே அசித்ரோமைசின் 500 என்று எழுத யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ‘எல்.ஆர்.டி.ஐ.’ (கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்று) என்று எழுதிவிட்டால் நிமோனியாவும் அதில் அடக்கம், பிராங்கைட்டிஸும் அடக்கம், கடிதத்துக்கும் பதில் சொன்னதாயிற்று. நாடி 100-ஐத் தாண்டவில்லை, மூச்சு 24-ஐத் தாண்டவில்லை, காய்ச்சல் 38 டிகிரிக்குக் கீழே, நெஞ்சில் ஒரு பக்கமாக எந்த ஒலியும் இல்லை என்றால், வேறு நோயில்லாத நடுவயதுக்காரருக்கு நிமோனியா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நான்கையும் எழுத ஒரு வரி போதும். வைரல் பிராங்கைட்டிசுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். 2022-லேயே சொல்லியாயிற்று. சளி பச்சையாக வந்தது என்பது காரணம் ஆகாது.

கடிதம் தொடாத இடம் நாள்கணக்கு. இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது, மக்களோ 7 முதல் 9 நாளில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது அமெரிக்காவில் எபெல் குழு 2013-இல் வெளியிட்ட கணக்கு. ஆன்டிபயாடிக் அதில் மிச்சப்படுத்துவது, காக்ரேன் ஆய்வின்படி, ஏறக்குறைய அரை நாள். அரசு ஓ.பி.யில் நாம் கொடுத்தனுப்புவதோ மூன்று நாள் மாத்திரை. பாராசிட்டமால், செட்டிரிசின், கூட ஒரு வைட்டமின். நாம் வாய் திறக்காவிட்டாலும் பொட்டலம் பேசிவிடுகிறது: மூன்று நாளில் சரியாகிவிடும் என்று. நான்காம் நாள் விடிந்ததும் இருமல் இருக்கிறது; நோயாளி அடுத்த வாசலுக்குப் போகிறார்.

மார்கழி முடியும் நேரம், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், வயது முப்பத்தாறு, பீடி சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, என் மேசைமேல் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். முதல் மூன்று நாள் அரசு மாத்திரை. நான்காம் நாள் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசியும் அசித்ரோமைசினும். எட்டாம் நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர் எல்லையில் ஒரு கடையில் சீட்டில்லாமல் வாங்கிய செஃபிக்ஸைம், கத்தரித்த அட்டையில் இன்னும் இரண்டு மிச்சம். பத்தாம் நாள் லிவோஃப்ளாக்சசின்.

“எதுக்கும் கேக்கல சார். இன்னும் பவரா ஒண்ணு எழுதுங்க.”

“இருமல் எத்தன நாள் இருக்கும்னு யாராவது சொன்னாங்களா?”

“இல்ல சார். மூணு நாளைக்குத்தான் குடுத்தாங்க.”

நெஞ்சு சுத்தமாக இருந்தது. அன்று பதினான்காம் நாள் என்பதால் சளியைக் காசநோய்க்கான நாட் பரிசோதனைக்கு அனுப்பினேன். காசநோய் இல்லை என்று வந்தது. ஆனால் லிவோஃப்ளாக்சசின் காசநோயைப் பாதி அமுக்கி வைக்கும் மருந்து. அதை விழுங்கிவிட்டு வந்தவரின் ‘இல்லை’யை முழு மனதோடு நம்ப முடியவில்லை, மறுபடி வரச் சொன்னேன். இருபத்திரண்டாம் நாள் இருமல் இல்லாமல் வந்தார். “எந்த மாத்திர சார் கேட்டுச்சு?” என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், அவர் பார்வையில் காக்கைக்குத்தான் பெயர்.

இந்த மனிதருக்குச் சீட்டில் எழுதிய ஆன்டிபயாடிக்குகளுக்கு இனி காரணம் கேட்கப்போகிறார்கள். கேட்கட்டும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி செஃபிக்ஸைமுக்கும் லிவோஃப்ளாக்சசினுக்கும் கடையில் தனிப் பதிவேடு வேண்டும். ஊரெல்லாம் விற்கும் அசித்ரோமைசின் அப்போது அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. வில்லியனூரிலிருந்து மேற்கே போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு. பாகூரை ஒட்டிக் கடலூர் மாவட்டம். இங்கே மருந்து ஆய்வாளர் வந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். டெங்குவுக்குச் சுவரெங்கும் ஒட்டத் தாள் கிடைக்கிறது. ‘இருமல் மூன்று வாரம் இருக்கும்’ என்று தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சடிக்க மட்டும் எந்த மேலிடத்துக்கும் தோன்றவில்லை. ஓ.பி. வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது காரணம் எழுதும் நிமிடத்தை யார் தருவார்கள் என்றும் கடிதத்தில் இல்லை. மூன்று நாள் பொட்டலத்தை மாற்ற உத்தரவு போடக்கூடியவர்கள் உத்தரவு போடுவதில்லை. பொட்டலத்தைக் கையில் கொடுக்கும் செவிலியரும் நாமும்தான் நோயாளியிடம் பேச்சு வாங்குகிறோம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். துண்டறிக்கை வரும் என்று காத்திராதீர்கள். காரணத்தை முன்பக்கம் எழுதுங்கள், ஓ.பி. சீட்டின் பின்பக்கம் தமிழில் இதை எழுதுங்கள்: ‘இருமல் மூன்று வாரம் வரை இருக்கலாம். மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் வந்தால், காய்ச்சல் திரும்பினால் உடனே வரவும். இரண்டு வாரம் ஆகியும் நிற்காவிட்டால் சளி கொடுக்க வரவும், அதுவரை கடையில் எதுவும் வாங்க வேண்டாம்.’ எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.